பெண் பார்க்கப் போன பேனா

என் தம்பி ஜெகதீஷுக்கு முப்பத்து மூன்று வயதுவரை கல்யாணம் ஆகாததற்கு ஜாதகத்தைக் குறை சொல்ல முடியாது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், அச்சும் கருவியும் செய்கிற டூல்ரூமில் வேலை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. பார்க்கவும் லட்சணமாகத்தான் இருப்பான். அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் பேனா. பால்பாயிண்ட் அல்ல, இங்க் பேனா.

இங்க் பேனாப் பைத்தியம் பிடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் கொட்டி ஒன்றை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்காவது நிம்மதி. இவன் அந்த ரகம் இல்லை. இருநூறு ரூபாய்க்கு மேல் போகிற பேனாவை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான்.

“பூட்டி வைக்கிறதுக்கு எதுக்குக்கா பேனா? தினமும் எழுதணும். மூடியத் திறந்தா உடனே எழுதணும். பையில ஒழுகக் கூடாது, கை வலிக்கக் கூடாது. இவ்வளவுதான் கேக்கறேன், இது ஒரு தப்பா?” என்பான்.

அவனுக்குப் பெண் தேடும்போது நானும் கிட்டத்தட்ட இந்த அளவுக்குத்தான் எதிர்பார்த்தேன். இரண்டு பேருக்கும் தேடியது கிடைக்கவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் துறையூர். அப்பா போய், பிறகு அம்மாவும் போனதும் அவனுக்கு ஒரு கல்யாணத்தைச் செய்து வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ஓசூரிலேயே பாகலூர் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதே, “உங்க சொந்தத்துல பொண்ணு இருக்கா?” என்று கேட்டுவிடுவேன். சில பேர் இதற்குப் பயந்தே வேறு கடைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. போகட்டும்.

அவன் பேனாவைச் சோதிக்கிற அழகைச் சொல்லியாக வேண்டும். கம்பெனியில் வேண்டாமென்று ஒதுக்கிய வரைபடத் தாள்களை அள்ளி வருவான். அதன் பின்பக்கம் எழுதிப் பார்த்தால்தான் மட்டமான தாளில் இங்க் ஊறுகிறதா என்று தெரியுமாம். சாப்பிட உட்காரும்போது மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கை கழுவி வந்ததும் முதல் வேலையாக எழுதிப் பார்ப்பான். பேனாவைத் தலைகீழாகச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி ஓட்டுவான். அவன் சட்டைகளில் பாதிக்கு நெஞ்சருகே நீலக் கறை. புதிதாகப் பார்க்கிறவர்கள் அதை ஏதோ கட்சிச் சின்னம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை கிருஷ்ணகிரி போய்த் திரும்பும் வழியில், சானமாவுக் காட்டருகே யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். பஸ்ஸே எழுந்து நின்று செல்போனில் படம் பிடித்திருக்கிறது. இவன் எனக்குப் போன் செய்தான். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“அக்கா, சூளகிரியில மூடியத் திறந்தேன். இப்ப வரைக்கும் திறந்தே இருக்கு. எடுத்ததும் எழுதிருச்சுக்கா!”

“யானை எத்தனைடா?” என்று கேட்டேன்.

“எந்த யானை?” என்றான்.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அவனுக்குத் திடீரென்று ஒரு ஞானோதயம். ஒரே ஆள் எழுதி எழுதிப் பார்த்தால் பேனா அந்த ஆளின் கைக்குப் பழகிவிடும், அதனால் அது ஒரு சோதனையே இல்லை, அழுத்தி எழுதுகிறவர், மெதுவாக எழுதுகிறவர், பேனாவைக் குத்துக்கோலாகப் பிடிக்கிறவர் என்று பல பேர் எழுதிப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடித்தான். அதன் பிறகு கண்ணில் பட்டவர்கள் கையிலெல்லாம் பேனாவைத் திணித்தான். எழுத வேண்டிய வாக்கியமும் தயார்: “ஞாயிற்றுக்கிழமை கொண்டைக்கடலைக் குழம்பு.” வளைவு, சுழிப்பு, கொம்பு என்று நிப்பைத் திணறடிக்கும் எழுத்தெல்லாம் அதில் இருக்கிறதாம். என் கடைக்கு வந்த பெண்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், மீட்டர் பார்க்க வந்த மின்வாரியக்காரர் என்று எல்லோரும் எங்களுக்குக் கொண்டைக்கடலைக் குழம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதே வேலையைப் பெண் பார்க்கப் போன இடத்திலும் செய்தான் பாருங்கள், அங்கேதான் என் தலையில் கல்லைப் போட்டான்.

உண்மையில் அவன் கூச்ச சுபாவம். பெண்ணோடு தனியாகப் பேசுங்கள் என்று விட்டால் என்ன பேசுவது என்று தெரியாது. அந்த நேரத்தில் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. இது எனக்குத் தெரியும், பெண் வீட்டாருக்குத் தெரியுமா? தர்மபுரியில் ஒரு அப்பா, “எங்க பொண்ணு எம்.காம். படிச்சிருக்கு. எழுதத் தெரியுமான்னு பாக்குறீங்களா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அது அவருடைய வீடு. இன்னொரு இடத்தில் பெண் அழுத்தி எழுதியதில் நிப்பு பிளந்துவிட்டது. இவன் பெண்ணைப் பார்க்காமல் நிப்பையே பார்த்துக்கொண்டு, “ஐயோ, ஐயோ” என்று உட்கார்ந்திருந்தான். அந்த சம்பந்தமும் அதோடு சரி.

அப்போதுதான் என் கடை வாடிக்கை மாதேஸ்வரி குருபரப்பள்ளியில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னாள். பெயர் மோகனப்ரியா. செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில், வரிசையில் வருகிற பொருளைச் சரிபார்த்து மேற்பார்க்கிற லைன் லீடர். அப்பா பொன்னுசாமி ஹைவே ஓரம் பஞ்சர் கடை வைத்திருப்பவர். லாரிக்காரர்களிடம் தெலுங்கில் சண்டை போட்டு, கன்னடத்தில் சமாதானம் பேசி, தமிழில் டீ சொல்கிற மனிதர். அம்மா வீரலட்சுமி பயந்த சுபாவம். நான் மாதேஸ்வரியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன், பையன் பெண்ணை ஒரு வரி எழுதச் சொல்லுவான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிடு என்று. அவளும் சொல்லிவிட்டாள். வினையே அதில்தான் ஆரம்பித்தது.

மோகனப்ரியாவுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். எழுதுவது, ஸ்க்ரூ முடுக்குவது, கோலம் போடுவது எல்லாம் இடது கைதான். முன்பு பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் அத்தை விடியற்காலையிலேயே வந்து இறங்கியிருக்கிறாள். இந்தப் பெண் வாசலில் இடது கையால் கோலம் போடுவதைப் பார்த்துவிட்டு, இது குடும்பத்துக்கு ஆகாது என்று அப்படியே அடுத்த பஸ் ஏறிப் போய்விட்டாளாம். அந்த அடியில் இருந்த வீரலட்சுமி அம்மா, இந்த மாப்பிள்ளை எழுதச் சொல்லுவான் என்று கேட்டதும் கதிகலங்கிப் போய், மகளை உட்கார வைத்து வலது கையால் எழுதப் பழக்க ஆரம்பித்துவிட்டார். மறந்து இடது கை நீண்டால் தோளில் ஒரு தட்டு. இதையெல்லாம் அந்த அம்மாவே பிற்பாடு என்னிடம் சொல்லி அழுதார். அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

நாங்கள் போனோம். காபி, மிக்சர் எல்லாம் ஆயிற்று. மோகனப்ரியா வந்து உட்கார்ந்தாள். நேராக நிமிர்ந்து பார்க்கிற பெண். எனக்கு அந்தக் கணமே பிடித்துவிட்டது. ஜெகதீஷ் வழக்கம்போலப் பேனாவை எடுத்தான். அந்தச் சமயத்தில் அவன் மெச்சிக்கொண்டிருந்த கறுப்பு பிளாஸ்டிக் பேனா அது. அவள் அதை வலது கையில் வாங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கோழி கிண்டியதுபோல் இருந்தது. “ஞா” ஒரு பக்கம் படுத்துக்கிடந்தது, “கொண்டை” எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வீரலட்சுமி அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொன்னுசாமி மின்விசிறியைப் பார்த்தார்.

ஜெகதீஷ் தாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் சுருங்கிப் போயிற்று.

“மன்னிச்சிருங்க,” என்றான். “பேனாவுல கோளாறுங்க. நிப்பு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு போல. உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன்.”

அந்தப் பெண் வாயைத் திறந்தாள், அம்மாவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், பேனாவை மூடாமலே பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். பேனாவைத் தொட்ட நாளிலிருந்து என் தம்பி மூடி போட மறந்ததில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. “பொண்ணு பிடிச்சிருக்காடா?” என்றேன். “அந்தப் பேனா அப்படி எழுதியிருக்கக் கூடாதுக்கா. அவங்க முன்னாடி அசிங்கமாப் போச்சு,” என்றான். கேட்ட கேள்விக்கு அவன் தருகிற பதில் அந்த அழகில்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு வேறொரு பேனாவோடு மறுபடியும் குருபரப்பள்ளி. பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து உன் பேனாவைப் பார் என்று எவ்வளவோ சொன்னேன். நல்ல பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொல்லுவானாம். அந்த வீட்டிலோ வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, மறு சோதனைக்கு வருகிறான் என்று பயம். இன்னொரு விபரீதமும் நடந்தது. முதல் முறை எழுதச் சொன்ன வாக்கியத்தைப் பார்த்துவிட்டு வீரலட்சுமி அம்மா, மாப்பிள்ளை வாய் விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு எழுதிக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மதியம் சாப்பிட உட்கார வைத்தார்கள், இலையில் பார்த்தால் கொண்டைக்கடலைக் குழம்பு. ஜெகதீஷுக்குக் கொண்டைக்கடலை ஆகவே ஆகாது, வயிறு உப்பிக்கொள்ளும். மரியாதைக்கு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். அன்றும் அவள் வலது கையால் எழுதினாள். சொட்டு இங்க் தாளில் விழுந்து பரவியது. “இதுவும் சரியில்லீங்க, இங்க் அதிகமா விடுது,” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

பஸ் ஏற்றிவிட வந்த பொன்னுசாமிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “தம்பி, நான் டயரு மாத்தறதுக்குக்கூட இப்பிடி யோசிக்க மாட்டேங்க. நீங்க என்னா, வாரத்துக்கு ஒரு பேனா எடுத்துனு வர்றீங்க?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண்ணில் சிரிப்பில்லை. மகள் விஷயம் இழுபறியில் கிடந்தால் எந்த அப்பாவுக்குத்தான் சிரிப்பு வரும்? எனக்கு வெட்கமாகப் போயிற்று. இந்த சம்பந்தமும் கை நழுவினால் இனி இவனுக்காக ஒரு வீட்டுப் படி ஏறுவதில்லை என்று அந்த பஸ்ஸிலேயே அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, “எனக்கும் வேற வீடு வேணாம்க்கா,” என்றான். பாவமாக இருந்தது. பளாரென்று ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

மூன்றாம் முறை போனபோது வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் நானே வாங்கிக்கொண்டு போனேன். இன்றைக்கு முடித்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். பேனா வேண்டாம் என்று சத்தியம் வாங்கினேன். சத்தியம் செய்தவன் அங்கே போய் உட்கார்ந்ததும் பையில் கையை விட்டான். நான் முழங்கையால் இடித்தேன். பலனில்லை. பச்சை நிறப் பேனா ஒன்று வெளியே வந்துவிட்டது.

மோகனப்ரியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வலது கையில் வாங்கினாள். “ஞாயி” வரை போனாள். நிப்பு தாளில் மாட்டிக் கிழித்தது.

ஜெகதீஷ் பதறிப்போய், “விடுங்க, விடுங்க. தப்பு உங்க மேல இல்லைங்க, பேனா மேலதான். அடுத்த வாரம் வேற ஒண்ணு…” என்று ஆரம்பித்தான்.

“போதுங்க!” என்றாள் அவள். வீடே நிமிர்ந்தது. “அந்தப் பேனா மேல ஒரு தப்பும் இல்ல. எத்தினி பேனாவத்தான் திட்டுவீங்க?”

பேனாவை இடது கைக்கு மாற்றினாள். “ஐயோ, ப்ரியா!” என்று வீரலட்சுமி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவள் தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, கடகடவென்று எழுதினாள். ஒரு தடங்கல் இல்லை, ஒரு கீறல் இல்லை. “ஞாயிற்றுக்கிழமை கொண்டைக்கடலைக் குழம்பு இனி கிடையாது.” அப்படித்தான் எழுதினாள். எழுதிக்கொண்டே போகும்போது கை ஈர எழுத்தின் மேலேயே நகர்ந்ததில் பாதி வரி தேய்ந்து நீலமாகிவிட்டது. உள்ளங்கை ஓரமும் சுண்டு விரலும் நீலம். அந்தக் கையை அவன் முன்னால் நீட்டினாள்.

“இதாங்க என் கை. சின்னதுலேந்து இதுலதான் எழுதறேன். இதப் பாத்துட்டு ஏற்கனவே ஒருத்தங்க திரும்பிப் போய்ட்டாங்க. நீங்களும் போறதுன்னா போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அம்மாவுக்காகத்தான் இத்தினி நாளு சும்மா இருந்தேன்.” குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை.

வீரலட்சுமி அம்மா என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் என் தம்பி. அவன் வாயிலிருந்து என்ன வருமோ என்று அவனையே பார்த்தேன்.

அவன் கையைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். தேய்ந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“அப்ப நான் பண்ண டெஸ்ட்டெல்லாம் பாதிதான்,” என்றான். “ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் எழுதச் சொன்னேன். ஒருத்தர்கூட இந்தக் கையில எழுதலைங்க. இங்க் காயறதுக்குள்ள கை மேல வந்துரும்னு எனக்குத் தோணவே இல்லையே. எவ்வளவு பெரிய முட்டாள் நான்!”

எனக்கு அழுகை, சிரிப்பு இரண்டும் சேர்ந்து வந்தன. ஒரு பெண் தன் வாழ்க்கையையே முன்னால் வைத்திருக்கிறாள், இவன் இங்க் காயவில்லை என்கிறான். ஆனால் சொன்னதோடு நிற்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவளிடமிருந்து பேனாவைக் கேட்டு வாங்கித் தன் இடது கையில் பிடித்தான். எழுத ஆரம்பித்தான்.

நான் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டிலேயே அழகான கையெழுத்து அவனுடையது. அந்த மனிதன் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒற்றை “ஞா”வோடு மல்லுக்கட்டினான். நிப்பு குத்தியது, தாள் கிழிந்தது, இங்க் தெறித்தது. வேட்டி ஓரம் நீலமாயிற்று. பொன்னுசாமி எழுந்து வந்து தலைக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“மாப்ள, அது எழுத்தா, நண்டா?” என்றார். அவர் அவனை மாப்ள என்று கூப்பிட்டது அப்போதுதான்.

மோகனப்ரியாவுக்கு அந்தக் கண்றாவியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எதிரே தரையில் வந்து உட்கார்ந்தாள். “நேரா வெச்சா வராதுங்க. பேப்பர இப்பிடிச் சாய்ங்க. கைய வரிக்குக் கீழ வைங்க, என்ன மாதிரி எழுத்து மேல வெக்காதீங்க. தள்ளாதீங்க, மெதுவா,” என்றாள். அவன் சொன்னபடி செய்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அத்தனை வீடுகளுக்குப் போயும் அவன் ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

நானே வாய் திறந்தேன். “ஜெகதீஷ், போதும்டா. அந்தம்மா நெஞ்சு வெடிச்சிரும். உன் சம்மதத்தச் சொல்லு.”

“எனக்கு முதல் நாளே சம்மதம்க்கா,” என்றான், என்னைப் பார்க்காமல். “அவங்களக் கேளு.”

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு “ஞா”, அதற்குப் பிறகு தெரு நாய் மிதித்ததுபோல் மூன்று எழுத்து. நிதானமாகப் பார்த்தாள். லைனில் வந்த பொருளைத் தள்ளலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிற பார்வை அது.

“பேனா நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “ஆளுக்குத்தான் பழக்கம் பத்தல.”

வீரலட்சுமி அம்மா சுவரில் சாய்ந்து அழுதுவிட்டார். நானும்தான்.

ஜெகதீஷ் நீலமான இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். “பழகிக்கிறேங்க,” என்றான். பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் சேர்த்து, பேனாவைப் பற்றி இல்லாமல் அவன் ஒரு பெண்ணிடம் சொன்ன முதல் பேச்சு அது.